விகோ 2கேடி: சூடானதும் என்ஜின் நிக்குது, செக் லைற்றும் எரியுதில்ல. ஈசியூ (என்ஜினை நடத்துற கொம்பியூட்டர் பெட்டி) மாத்தத்தான் வேணுமா?

விகோ_அக்கரைப்பற்று:

ஸலாம், வணக்கம். வண்டி 2008 ஹைலக்ஸ் விகோ டபுள் கெப், கேயூஎன்25, 2கேடி என்ஜின், மெனுவல் கியர். வயலுக்கும் மில்லுக்கும் நெல் ஏத்துற வண்டி.

குறை இதுதான். காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். அரை மணித்தியாலம் போல ஓடினதும், நல்ல வெயில் என்டா அதுக்கும் முந்தி, சாவியைத் திருப்பி நிப்பாட்டின மாதிரி என்ஜின் பட்டெண்டு நிக்குது. இழுவை குறையிறது, புகை, துள்ளல் ஒண்டும் இல்ல. திரும்ப கீயை ஓன் பண்ணினா டேஷ்ல மத்த லைற் எல்லாம் வரும், செக் என்ஜின் லைற் மட்டும் வராது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா என்ஜின் பத்திக்கொள்ளாது. ஸ்கேனர் போட்டா ஏபிஎஸ் பிறேக் பக்கம் திறக்குது, என்ஜின் பக்கம் திறக்குதில்ல. இருபது நிமிசம் போல ஆற விட்டா செக் லைற் தானா வருது, வண்டியும் ஸ்டார்ட் ஆகுது. அந்த நேரம் ஸ்கேன் பண்ணினா குறைக் கோட் ஒண்டும் இல்ல.

பற்றரி புதுசு. டீசல் பில்டர் மாத்தியாச்சு. ஒரு கராஜில ஈசியூ போயிட்டு, பாவிச்ச பெட்டி ஒண்டு எடுத்துப் போட்டாச் சரி எண்டு சொல்றாங்க. அவங்க காட்டின பெட்டியில 89661-0கே வரைக்கும் நம்பர் ஒண்டுதான், கடைசி மூண்டு இலக்கம் வேற. கேக்க வேண்டியது: இது உண்மையிலேயே ஈசியூதானா? நம்பர் வேறயா இருந்தாப் பரவாயில்லையா? கீ ஒத்துக்கொள்ளுமா? இன்ஜெக்டர் கோட் அடிக்க வேணும் எண்டும் ஒருத்தர் சொன்னார், அது எதுக்கு?

இன்னொரு விசயம், சம்பந்தம் இருக்கோ தெரியல்ல: இடப்பக்கக் கால்மிதி அடிக்கடி ஈரமாக் கிடக்கு.

---

செங்கலடி_டீசல்:

தம்பி, பெட்டிக்குக் காசு கட்டுறதை நிப்பாட்டி வைங்க. நீங்க எழுதினதில பெரிய துப்பு அந்தச் செக் லைற்தான். கீ ஓன் பண்ணினதும் அந்த லைற்றை எரிய வைக்கிறதே ஈசியூ. லைற் வரல்ல, ஸ்கேனரும் திறக்கல்ல எண்டா ஈசியூவுக்கு அந்த நேரம் உயிர் இல்ல. ஆனா உயிர் இல்லாததுக்குப் பெட்டிதான் காரணம் எண்டு முடிவு கட்ட ஏலாது. கரண்ட் வராட்டியும், ஏர்த் விட்டாலும், சென்சருக்குப் போற 5 வோல்ட் எங்கயாவது பொடியில முட்டினாலும் இதே குறைதான் வரும், மூண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாவிச்ச பெட்டி போட்டும் சரிவராமல் வாற வண்டிகள்ல கனக்க இந்த மூண்டில ஒண்டு.

அளக்கிறதை வண்டி நிண்ட நிலையில அளக்க வேணும். ஆறினாப் பிறகு அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டும், வீண் வேலை. அதனால குளோவ் பொக்ஸை முதலே கழட்டி வைச்சிட்டு ஓடுங்க, ஈசியூ அதுக்குப் பின்னாலதான் இருக்கு. கொனெக்டரைக் கழட்டாமல் பின்பக்கத்தால மெல்லிய ஊசியை வயரோட ஒட்டி உள்ள விட்டு அளக்கலாம். வயரின்ட தோலைக் குத்தாதீங்க. நம்ம ஊர் உப்புக் காத்துக்கு அந்த ஓட்டைக்குள்ள ஆறு மாசத்தில பச்சை பூத்திடும்.

கரண்ட் வாற வரிசையை விளங்கிக் கொள்ளுங்க. பற்றரியில இருந்து நேரே ஒரு வயர் வருது, கீ ஓஃப் ஆனாலும் அதில 12 வோல்ட் நிக்க வேணும். கீ ஓன் பண்ணினா ஐஜிஎஸ்டபிள்யூ எண்ட பின்னுக்கு 12 வோல்ட் வரும். அதைக் கண்டதும் ஈசியூ எம்ரெல் பின்னால ஈஎஃப்ஐ மெயின் றிலேயை இழுக்கும். றிலே இழுத்தாத்தான் ப்ளஸ் பீ பின்னுக்குக் கரண்ட். ஐஜிஎஸ்டபிள்யூ இருந்து ப்ளஸ் பீ இல்லையெண்டா றிலே, பியூஸ், பியூஸ் பெட்டி வயரிங் மூண்டையும் பாருங்க. றிலே சூட்டில விடுறது புதினமில்ல. பக்கத்தில உள்ள அதே மாதிரி றிலேயை மாத்திப் போட்டு ஓடினா ஒரே நாளில தெரியும். ஐஜிஎஸ்டபிள்யூவே இல்லையெண்டா கீ சுவிட்சும் இக்னிஷன் பியூஸும்.

மல்ரிமீற்றர் 12 வோல்ட் காட்டினா கரண்ட் நல்லா வருது எண்டு நம்ப வேணாம். ஒரேயொரு இழை மிச்சம் இருந்தாலும் மீற்றர் 12 காட்டும். 21 வாட் பிறேக் பல்ப் ஒண்டுக்கு ரெண்டு வயர் ஒட்டி வைச்சுக்கொள்ளுங்க, அது 1.75 அம்பியர் போல இழுக்கும். ப்ளஸ் பீக்கும் நல்ல ஏர்த்துக்கும் நடுவில பிடிச்சா முழு வெளிச்சமா எரிய வேணும், அந்த நேரம் வோல்ட் பற்றரியை விட 0.3க்கு மேல விழக்கூடாது. ஏர்த்துக்கும் அதுதான்: கீயை ஓஃப் பண்ணி, பற்றரி மைனஸைக் கழட்டி, ஈசியூ கொனெக்டரை உருவுங்க. மைனஸைத் திருப்பிப் போட்டு, பற்றரி ப்ளஸில இருந்து பல்ப் வழியா ஈ1, ஈ01, ஈ02 வயர் ஒவ்வொண்டையும் தொட்டுப் பாருங்க. மங்கலா எரியிறது குற்றவாளி.

அடுத்தது வீசி. ரெயில் (இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்கிற உயர் அழுத்தக் குழாய்) பிரஷர் சென்சர், மெப் சென்சர் (இன்டேக் காத்தின்ட அழுத்தத்தை அளக்கிறது), எக்சிலேற்றர் பெடல், இதுகளுக்கு ஈசியூ குடுக்கிற 5 வோல்ட்தான் வீசி. அந்த வயர் ஏர்த்தில முட்டினா ஈசியூ படுத்திடும், செக் லைற்றும் வராது. ரொயொட்டாவில இது பழைய கதை. வண்டி நிண்டதும் கீ ஓனில வீசிக்கும் ஈ2க்கும் (சென்சர் ஏர்த்) நடுவில அளங்க. 4.5 முதல் 5.5 வரைக்கும் இருக்க வேணும். பூச்சியம் போலக் காட்டினா கீயை ஓனில விட்டபடியே சென்சர் கொனெக்டர்களை ஒவ்வொண்டாக் கழட்டுங்க. எதைக் கழட்டேக்க செக் லைற் வருதோ, அந்தச் சென்சர்தான். சூட்டில வாற குறை எண்டதால என்ஜின் மேல இருக்கிறதுகளை முதல்ல கழட்டுங்க, பெடலைக் கடைசியில. எல்லாத்தையும் கழட்டியும் லைற் வரல்லையெண்டா வயரிங் அல்லது பெட்டி. அதுக்குப் பிறகு பெட்டியைப் பேசுவம்.

---

வாவியோரம்:

செங்கலடி அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனா கால்மிதி ஈரத்தை அவர் தாண்டிப் போயிட்டார். எனக்கு அதுதான் முதல்ல கண்ணில படுது. விகோவில ஏசி கூலிங் கொயிலும் ஈசியூவும் ரெண்டும் இடப்பக்கம், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால. அந்தக் கால்மிதியில தண்ணி எண்டா அது எந்த வழியால வந்தாலும் பெட்டிக்குப் பக்கத்தாலதான் வந்திருக்கும்.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரமா, மழையே இல்லாத நாளிலயும் ஈரமா எண்டு பாருங்க. மழையில மட்டும் எண்டா முன் கண்ணாடி ஒட்டினது விட்டிருக்கும், இல்லாட்டி வைப்பருக்குக் கீழ உள்ள தட்டில சருகு அடைச்சுத் தண்ணி வழிஞ்சு உள்ள வருது. ஆவணி வெயில்லயும் ஏசி போட்டு ஓடின நாளில ஈரம் எண்டா ஏசி டிரெயின் குழாய் அடைப்பு. ஏசி ஓடுற வண்டி நிண்ட இடத்தில கீழ தண்ணி சொட்டுதா எண்டு பாருங்க. சொட்டாட்டி அது உள்ளதான் போகுது. வயல் பக்கம் நிக்கிற வண்டிகளில குளவி மண் கூடு கட்டி அந்தக் குழாயை அடைக்கிறது சாதாரணம். கீழ்ப்பக்கத்தால மெல்லிய கம்பியை விட்டுக் கிண்டினா மண் உதிர்ந்து, அதோட அரை லீற்றர் தண்ணியும் ஊத்தும். காத்து அடிக்காதீங்க, மேல்ப்பக்கம் குழாய் கழண்டா டேஷைப் பிரிக்க வேண்டி வரும்.

பெட்டியா வயரிங்கா எண்டு பிரிக்க இன்னொரு வழி. வண்டியை ஆற விட்டு ஸ்டார்ட் பண்ணி ஐடிலில விடுங்க. குளோவ் பொக்ஸ் கழட்டின இடத்தால தலை உலர்த்துற டிரையரை, அதிலயும் குறைஞ்ச சூட்டில, பெட்டிக்கு மட்டும் பிடியுங்க. என்ஜின் இன்னும் சூடாகாமல் இருக்கேக்க பெட்டி மட்டும் சூடாகி வண்டி நிண்டா, பெட்டிக்குள்ள ஈய ஒட்டு வெடிச்சிருக்கு அல்லது 5 வோல்ட் பகுதி கெட்டிருக்கு. பத்துப் பதினைஞ்சு நிமிசம் பிடிச்சும் நிக்கல்லையெண்டா பெட்டியை விட்டிட்டு என்ஜின் பக்க வயரைப் பாருங்க. பெயின்ற் உரிக்கிற ஹீற் கண்ணை எடுத்திடாதீங்க. அதின்ட சூட்டுக்கு நல்ல பெட்டியும் போயிடும்.

பெட்டியைக் கழட்டுறதெண்டா: கீ ஓஃப், பற்றரி மைனஸைக் கழட்டி 90 செக்கனாவது விடுங்க. அந்த இடத்தில எயார்பேக் வயர் போகுது, மஞ்சள் கொனெக்டர் எதையும் தொட வேணாம். ஈசியூவைப் பிடிச்சிருக்கிறது 10 மில்லி நட். கொனெக்டரைப் பூட்டைத் திறந்து கழட்டுங்க, வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. கழட்டினதும் ரோச் அடிச்சுப் பின்களைப் பாருங்க. நல்ல பின் மினுங்கும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாத் தண்ணி போயிருக்கு. மூடியைத் திறந்தா போர்ட்டில தண்ணி நிண்ட இடம் மங்கின வட்டமாத் தெரியும், சிப்பின்ட கால் ரெண்டுக்கு நடுவில பச்சைக் கோடு இருக்கும். அந்தப் பச்சை ஈரப்பதம் ஏறின நேரம் கரண்டைக் கடத்தும், காய்ஞ்சா விட்டிடும். வந்து வந்து போற குறைக்கு அதுவும் ஒரு காரணம்.

கொண்டக்ட் கிளீனர் மட்டும் அடிச்சு மெல்லிய பிரஷ்ஷால தேய்ங்க. துரு விடுற எண்ணெய் ஸ்ப்ரே வேணாம், அது பின்னில பிசினாப் பிடிச்சு வயல் தூசியைச் சேர்க்கும்.

---

விகோ_அக்கரைப்பற்று:

காக்காமாருக்கு நன்றி. ரெண்டு பேர் சொன்னதையும் செய்து பார்த்தாச்சு. வண்டி நிண்ட நிலையில அளந்தது:

நேர் பற்றரி வயர் 12.5. ஐஜிஎஸ்டபிள்யூ 12.3. ப்ளஸ் பீ 12.2, பல்ப் போட்டா 12.0, முழு வெளிச்சம். ஏர்த் மூண்டும் பல்ப் நல்லா எரியுது. வீசி 0.4. ரெயில் சென்சர், மெப், திறொட்டில், பெடல் எல்லாம் கழட்டியாச்சு, வீசி ஏறல்ல, செக் லைற்றும் வரல்ல.

டிரையர் பிடிச்சதில என்ஜின் இன்னும் தொடக்கூடிய சூட்டில இருக்கேக்கயே நிண்டுட்டு. ஈரம் மழை இல்லாமலும் வருது. ஏசிக் குழாயில மண் கூடுதான் இருந்துது, கம்பி விட்டதும் தண்ணி ஊத்தினது.

இப்ப பெட்டிதான் எண்டு சொல்லலாமா?

---

செங்கலடி_டீசல்:

இன்னும் ஒரு படி இருக்கு, அதையும் முடிச்சிட்டு முடிவு சொல்லுங்க. சென்சர் எல்லாம் கழண்டபடி இருக்கட்டும். பற்றரி மைனஸ் கழட்டி ஈசியூ கொனெக்டரையும் உருவுங்க. இப்ப வயரிங் பக்கக் கொனெக்டரில வீசி வயருக்கும் பொடிக்கும் நடுவில ஓம் அளங்க. மீற்றர் ஒண்டும் காட்டக் கூடாது, திறந்த நிலை. என்ஜின் மேல போற வயரிங்கைக் கையால அசைச்சு அசைச்சுப் பாருங்க, முக்கியமா இன்டேக் பைப் தாங்கியில உரசுற இடமும் எலி வாற இடமும். அறுவடைக் காலத்தில எலிக்கு என்ஜின் சூடும் வயர்த் தோலும்தான் வேணும். அசைச்சும் ஒரு தடவையாவது ஓம் காட்டல்லையெண்டா வயரிங் சுத்தம். வீசி பெட்டிக்குள்ளதான் விழுகுது, பெட்டி போனது உறுதி.

---

மீன்பாடும்_பியூஸ்:

உறுதி என்று வைத்துக்கொண்டு மாற்றும் பகுதியை எழுதுகிறேன். அதிகம் பேர் காசை விடும் இடம் இதுதான்.

முதலில் நம்பர். 89661 என்பது என்ஜின் ஈசியூ என்ற வகைக்கான எண், 0கே என்பது ஹைலக்ஸ் குடும்பம். இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால் பெட்டி ஒன்றாகிவிடாது. கடைசி மூன்று இலக்கம்தான் 2கேடியா 1கேடியா, மெனுவலா ஓட்டோவா, எந்தப் புகைக் கட்டுப்பாட்டுக்கு உரியது, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓட விடாத பூட்டு) உண்டா இல்லையா என்பதையெல்லாம் பிரிக்கிறது. கொனெக்டர் ஏறும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகலாம். பிறகு டேர்போ அழுத்தம் சரியில்லை, கறுப்புப் புகை, ஐடில் மேலும் கீழும் என்று ஒன்றுக்குப் பின் ஒன்று வரும். முழு நம்பரும் ஒன்றாக இருக்கும் பெட்டியைத் தேடுங்கள். பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருந்தால் ரொயொட்டா பாகப் பட்டியலில் சேசி நம்பரைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த மாற்று நம்பரை மட்டும் ஏற்கலாம்.

இரண்டாவது, “ஜப்பான் ரீகண்டிஷன் விகோ பெட்டி” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இந்தத் தலைமுறை ஹைலக்ஸ் ஜப்பானில் விற்கப்படவே இல்லை. 2004இல் அங்கே ஹைலக்ஸ் நின்றது, 2017இல் அடுத்த தலைமுறையோடுதான் திரும்ப வந்தது. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் ஜப்பான் பெட்டி என்று காட்டுவது பெரும்பாலும் ஹைஏஸ் கேடிஎச் வேனுடையது அல்லது பிராடோவுடையது. என்ஜின் பெயர் 2கேடி, 1கேடி என்று ஒன்றாக இருப்பதால் ஏமாற இடமுண்டு. ஜப்பானுக்குள் ஓடிய பிந்திய 1கேடிகளில் புகைத் துகள் வடிகட்டியும் உண்டு, அந்தப் பெட்டி இல்லாத வடிகட்டியைத் தேடிக் கோட் போடும். விகோ பெட்டி வருவது தாய்லாந்து, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் ஓடிய வண்டிகளிலிருந்துதான்.

மூன்றாவது, பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டாம், மாற்றுக்கு விலை குறைக்கிறேன் என்றாலும் கொடுக்க வேண்டாம். உங்கள் வண்டியின் சாவியும் இன்ஜெக்டர் கோடும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆறிய நேரத்தில் உங்கள் பெட்டி வேலை செய்வது ஒரு அதிர்ஷ்டம். கழட்டுவதற்கு முன்பே, காலைக் குளிரில், ரெக்ஸ்ட்ரீம் (ரொயொட்டாவின் சொந்த ஸ்கேன் மென்பொருள்) போன்ற ஸ்கேனரால் நான்கு இன்ஜெக்டர் கோடையும் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் தலையில் அச்சிட்டிருக்கும் கோடையும் துடைத்துப் படம் எடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் யாரோ இன்ஜெக்டர் மாற்றிவிட்டுக் கோட் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள், அப்படியானால் தலையில் இருப்பதையே அடிக்க வேண்டும்.

அந்தக் கோட் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஒரே அளவுக்குத் திறந்தாலும் நான்கு இன்ஜெக்டரும் துல்லியமாக ஒரே அளவு டீசலைப் பீய்ச்சாது. ஒவ்வொன்றும் எவ்வளவு கூடக் குறைய என்பதைத் தொழிற்சாலையில் அளந்து அந்தக் கோடாக அச்சிடுகிறார்கள், ஈசியூ அதை வைத்துத் திறக்கும் நேரத்தைத் திருத்துகிறது. வேறு வண்டியின் கோட் உள்ளே இருந்தால் ஐடிலில் தட்டும் சத்தம், நடுக்கம், புகை. பெட்டியில் கோடே இல்லையென்றால் பீ1601 என்ற குறைக் கோட் வரும். கோடில் வருவது 0 முதல் 9 வரை இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் மட்டும். ஆகவே வட்டமாகத் தெரிவது ஓ அல்ல, பூச்சியம். பீயையும் 8ஐயும், டீயையும் பூச்சியத்தையும் மாற்றி வாசிப்பதால்தான் ஸ்கேனர் கோடை ஏற்காமல் திருப்பும். சிலிண்டர் வரிசை ரேடியேற்றர் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4. வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதைப் பார்த்து அந்த ஒழுங்கில் அடித்துவிடாதீர்கள்.

நான்காவது சாவி. கீயை எடுத்ததும் டேஷில் சிவப்பு லைற் விட்டு விட்டு மின்னினால் இம்மொபிலைசர் உண்டு. சில விகோவில் இல்லவே இல்லை, அப்படியானால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். இருந்தால் பாவிச்ச பெட்டி உங்கள் சாவியை ஏற்காது: செல்ஃப் சுற்றும், டீசல் பீய்ச்சாது. இம்மொபிலைசர் தனிப் பெட்டியாக உள்ள வண்டியில் ஓபிடி சொக்கட்டின் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 4ஆம் பின்னையும் 13ஆம் பின்னையும் ஒரு வயரால் இணைத்து, கீயை ஓனில் 30 நிமிடம் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பதிந்துகொள்ளும். அந்த 30 நிமிடத்தில் பற்றரி இறங்கிவிடக் கூடாது, சார்ஜரைப் போட்டுக்கொள்ளுங்கள். 16ஆம் பின்னில் நேரடிப் பற்றரிக் கரண்ட் நிற்கிறது, எண்ணிப் பார்த்து மாட்டுங்கள்.

அது சரிவராவிட்டால் ஈஈப்ரொம் தகவலை மாற்ற வேண்டும். போர்ட்டில் எட்டுக் கால் உள்ள சின்ன சிப் அது. பழையதிலிருந்து வாசித்துப் புதியதில் எழுதுவார்கள். செய்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரண்டு தடவை வாசித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும், புதுப் பெட்டியின் சொந்தத் தகவலையும் எழுதுமுன் வாசித்து வைக்க வேண்டும், இரண்டு பைலையும் உங்களுக்குத் தர வேண்டும். முழு நம்பரும் ஒன்றாக உள்ள பெட்டியென்றால் பெரும்பாலும் இன்ஜெக்டர் கோடும் இதோடு சேர்ந்து வரும், ஆனாலும் ஸ்கேனரில் திறந்து முன்பு எடுத்த படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

என் கருத்து: உங்கள் வண்டிக்குப் பெட்டி மாற்றுவதை விடப் பெட்டியைத் திருத்துவதே முதல் தெரிவு. ஆறினால் ஓடுகிற பெட்டி, கெட்டது 5 வோல்ட் பகுதி மட்டும். பச்சையைச் சுத்தம் செய்து, வெடித்த ஒட்டைத் திரும்ப ஒட்டி, 5 வோல்ட் சிப்பை மாற்றினால் சாவி, கோட் எதையும் தொட வேண்டியதில்லை. நடு அடுக்குச் செம்புக் கோடு அரித்துவிட்டால் மட்டும் திருத்த முடியாது.

---

கல்முனை_வயர்:

மேல எழுதினவங்க எல்லாம் சரியாச் சொல்லிட்டாங்க, நான் சின்னதா ரெண்டு மூண்டு சேர்க்கிறன்.

இடியூவைப் போட்டுக் குழப்பாதீங்க. என்ஜின் பக்கம் இருக்கிற அலுமினியப் பெட்டி, இன்ஜெக்டருக்கு உயர் வோல்ட் குடுக்கிறது, பாக நம்பர் 89871 எண்டு தொடங்கும். அது போனா பீ0200 வரும், செக் லைற்றும் நல்லா எரியும், ஸ்கேனரும் திறக்கும். உங்கட குறை அதில்ல. சில கடையில ரெண்டையும் “கொம்பியூட்டர்” எண்டுதான் சொல்லுவாங்க, நம்பரைப் பார்த்து வாங்குங்க. என்ஜின் ஓடேக்க இன்ஜெக்டர் கொனெக்டரைக் கழட்டிப் பார்க்கிற பழைய டீசல் பழக்கமும் இதில வேணாம், 100 வோல்ட் போல அடிக்கும்.

புதுப் பெட்டியோ திருத்தினதோ, போடுறதுக்கு முந்தி வண்டியில யாராவது கூட்டின சாமானைப் பாருங்க. எல்ஈடி பார், எயார் ஹோர்ன், அலாரம், இதுகளுக்கு ஈசியூ ஏர்த்தையோ ப்ளஸ் பீயையோ கிள்ளி எடுத்திருப்பாங்க. ஹோர்ன் கொயிலை நிப்பாட்டேக்க எகிறுற வோல்ட் நேரே பெட்டிக்குத்தான் போகும். பற்றரியில இருந்து தனி பியூஸ், தனி றிலே போட்டு எடுங்க. பின் தொட்டிக்கு வெல்டிங் அடிக்கேக்க பற்றரி மைனஸைக் கழட்டுறதோட ஈசியூ கொனெக்டரையும் உருவ வேணும். வெல்டிங் ஏர்த் கிளிப்பை ஒட்டுற இடத்துக்குக் கிட்டவே பிடியுங்க. சேசி முன்பக்கம் பிடிச்சு பின்தொட்டியில ஒட்டினா கரண்ட் வண்டி முழுக்கச் சுத்தி வரும். லொறியில இருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்றதெண்டா ஒரு பற்றரியில 12 மட்டும் எடுங்க, ரெண்டு பற்றரியும் சேர்ந்தா 24.

---

விகோ_அக்கரைப்பற்று:

வீசி வயரில ஓம் ஒண்டும் இல்ல, அசைச்சும் பார்த்தாச்சு. பெட்டியைத் திறந்தம். ஒரு மூலையில வெள்ளை வட்டம், அதுக்குள்ள பெரிய சிப் ஒண்டின்ட கால் மூண்டு பச்சை. பின்னில மேல் வரிசையில ரெண்டு பச்சை. திருத்தக் குடுக்கப் போறம். திரும்பி வந்ததும் என்ன பார்க்க வேணும்?

---

மீன்பாடும்_பியூஸ்:

போர்ட்டில் பூச்சு திரும்ப அடித்தார்களா என்று கேளுங்கள். சுத்தம் செய்யும்போது ஈரம் தடுக்கும் அந்தப் பூச்சு போய்விடும், அடிக்காமல் தந்தால் அடுத்த மாரியில் இதே கதைதான். கொனெக்டர் பின்னில் மட்டும் பூச்சுப் படக் கூடாது.

வயரிங் பக்கக் கொனெக்டரில் பச்சை பூத்த இரண்டு பின்னுக்கும் எதிரே உள்ள பெண் பின்களைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, பிடிப்பையும் பாருங்கள். அதே அளவுள்ள ஒரு ஆண் பின்னை நுழைத்து இழுத்தால் சற்று இறுக்கமாக வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள், நெரித்துச் சரிசெய்தது நிற்காது.

பெட்டியை மாட்டி, கொனெக்டர் பூட்டு இறுகிய பிறகே பற்றரி மைனஸ். கீ ஓன்: செக் லைற் எரிய வேண்டும், வீசி 5 வோல்ட். சென்சர்களைக் கழட்டிய நேரத்தில் விழுந்த கோட்கள் இருக்கும், அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ரெயில் அழுத்தம் செல்ஃப் சுற்றும்போது போதிய அளவு ஏறாவிட்டால் டீசல் பீய்ச்சாது, அது பெட்டிக் குறை அல்ல, டீசல் பக்கம் பார்க்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஏசி, லைற், பேன் எல்லாம் நிறுத்தி ஐடிலில் சில நிமிடம் விடுங்கள், பம்பின் அளவை ஈசியூ கற்றுக்கொள்ள அது உதவும். ஸ்கேனரில் சப்ளை பம்ப் இனிஷியலைசேஷன் என்ற பகுதி இருந்தால் அதையும் ஓட விடுங்கள். ஐடிலில் ஈசியூ கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மை அழுத்தமும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்க வேண்டும், உண்மை அழுத்தம் மேலும் கீழும் ஆடினால் எஸ்சிவி வால்வைப் (பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது) பாருங்கள்.

ஒல்டனேற்றர் 13.8 முதல் 14.5க்குள் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் அளந்துவிடுங்கள். 15ஐத் தாண்டினால் திருத்திய சிப் மறுபடி போகும்.

---

வாவியோரம்:

குளோவ் பொக்ஸைப் பூட்ட அவசரப்படாதீங்க. ரெண்டு நாள் ஏசியை முழுசாப் போட்டு ஓடிட்டு, பெட்டியின்ட மேல் விளிம்பையும் வயரிங்கையும் கையால தடவிப் பாருங்க. வயர் கொனெக்டருக்குள்ள நுழையிற இடத்தில ஒரு வளைவு கீழ தொங்க வேணும், அப்பதான் வயரில வழியிற தண்ணி கொனெக்டருக்குள்ள போகாமல் வளைவில சொட்டிடும். பழைய கிளிப் உடைஞ்சு வயர் மேலால நேரே வந்தா ஒரு கேபிள் டை போட்டு இறக்கிக் கட்டுங்க. பெட்டிக்கு மேல பொலித்தீன் சுத்தாதீங்க, உள்ள வேர்க்கும். டேஷ் பக்கச் சத்தம் குறைக்கிற பஞ்சு ஈரமா இருந்தா அதைக் கழட்டி வெயில்ல போட்டு முழுசாக் காய வைச்ச பிறகு பூட்டுங்க.